குடும்பம், தொழில், துரோகம்: இந்த வகைப் படங்களைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து நடத்தும் தொழில், அதில் ஒருவர் இன்னொருவரை ஏமாற்றுவது, அதனால் வீடு இரண்டாகப் பிரிவது. இந்தக் களத்தில் எந்தப் படம் வந்தாலும் பார்த்தவர்களின் பாராட்டும் குறையும் பெரும்பாலும் சில குறிப்பிட்ட இடங்களைச் சுற்றியே வருகின்றன. இந்த வகைப் படங்களை விரும்பிப் பார்க்கிறவன் என்ற முறையில், அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரே படத்தை ஒருவர் கண்ணீரோடு பாராட்டுகிறார், இன்னொருவர் எரிச்சலோடு திட்டுகிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பேய்ப் படம் பார்க்கும்போது நம் சொந்த வாழ்க்கை அவ்வளவாகக் குறுக்கே வராது. குடும்பத் தொழில் கதை அப்படியில்லை. பார்ப்பவர் தன் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறாரோ, அந்த இடத்திலிருந்தே படத்தையும் பார்க்கிறார். மூத்தவராகப் பிறந்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தொழிலைத் தாங்கிப் பிடித்தவருக்கு, படத்தில் அண்ணன் கூடுதல் பங்கு கேட்பது நியாயமாகத் தெரியும். 'நீ சின்னப் பையன், உனக்கு ஒன்றும் தெரியாது' என்று கேட்டே வளர்ந்தவருக்கு அதே காட்சி பகல் கொள்ளையாகத் தெரியும். திருமணமாகி அந்த வீட்டுக்குள் வந்தவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, 'இவ்வளவு நடக்கிறது, மருமகளிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?' என்று கேட்பார்கள்.

அதனால், ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது எழுதியவர் எந்தப் பாத்திரத்தைப் பற்றி அதிகம் பேசுகிறார் என்று முதலில் பாருங்கள். அவர் எங்கே நின்றுகொண்டு பேசுகிறார் என்பது பிடிபட்டுவிடும். அப்புறம் அவர் சொல்லும் நிறையையும் குறையையும் எடைபோடுவது எளிது.

என்னைக் கேட்டால், 'யார் துரோகி?' என்பதில் பார்த்தவர்களுக்குள் சண்டை வருவது படத்தின் பலம். எல்லோரும் ஒரே ஆளைக் கை காட்டினால், அந்த ஆளை எழுதுவதில் படம் போதிய அக்கறை காட்டவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

வெளி ஆள் ஏமாற்றினால் இவ்வளவு வலிப்பதில்லை. சொந்தக்காரர் ஏமாற்றினால் மட்டும் ஏன் திரையரங்கே கொதிக்கிறது?

இதைப் பற்றி கிரேக்கத் தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் கிறிஸ்துவுக்கு முன் 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். நாடகக் கலை பற்றிய 'கவிதையியல்' நூலில் அவர் சொல்வது இதுதான்: பகைவன் பகைவனைத் தாக்கினால் அடிபட்டவரின் வேதனையைத் தாண்டி இரக்கம் எழுவதில்லை, அண்ணனைத் தம்பியும் தந்தையை மகனும் அழிக்கத் துணிகிற இடங்களைத்தான் நாடக ஆசிரியர் தேடிப் போக வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஐரிஸ் போனெட், ரிச்சர்ட் ஸெக்ஹவுஸர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இழப்புக்கான வாய்ப்பு ஒரே அளவாக இருந்தாலும், அதிர்ஷ்டத்தால் வரக்கூடிய இழப்பைவிட இன்னொரு மனிதர் ஏமாற்றுவதால் வரக்கூடிய இழப்பை ஏற்க மக்கள் அதிகம் தயங்கினார்கள். தொகையைத் தாண்டி, ஏமாற்றப்படுவது என்பதே தனி வலி. ஆய்வில் எதிரே இருந்தது முன்பின் தெரியாத ஆள்தான். அதே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இதில் படத்துக்கு ஒரு கடமை இருக்கிறது. துரோகம் நடக்கும் முன்பு அந்த இரண்டு பேருக்கும் இடையே இருந்த நம்பிக்கையை நாம் பார்த்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் தோள்மேல் கை போட்டுச் சுற்றினால் அது நம்பிக்கை ஆகாது. ஒருவர் வாங்கிய கடனுக்கு இன்னொருவர் தயங்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டார், ஒருவர் செய்த தவறை இன்னொருவர் அப்பாவிடம் சொல்லாமல் மறைத்தார் என்று ஏதாவது செயலாக வர வேண்டும். 'துரோகக் காட்சியில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை' என்று சொல்பவர்கள் பார்த்த படத்தைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த முதல் அரை மணி நேரம் அவசரமாக ஓட்டப்பட்டிருக்கும்.

'முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி இழுவை.' இந்தப் புகார் ஏன் ஓய்வதே இல்லை?

துரோகம் வெளியே வருவதை இடைவேளையில் வைத்துவிடுகிறார்கள். அதுவரை 'என்ன நடக்கப் போகிறது?' என்ற ஒரு கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. அதற்குப் பிறகு கேள்வி 'எப்படிப் பழி வாங்குவார்?' என்று மாறிவிடுகிறது. அதன் பதில் நமக்கு ஏற்கெனவே தெரியும்: கைவிடப்பட்டவர் ஒரு பாட்டு முடிவதற்குள் பெரிய தொழிலதிபர் ஆகிவிடுவார், பழைய நிறுவனத்தையே விலைக்கு வாங்க வந்து நிற்பார்.

இரண்டாம் பாதியில் கதையை வேறு ஒரு கேள்விக்கு நகர்த்தும் படங்கள் தப்பித்துவிடுகின்றன. தம்பியை ஏமாற்றிய அண்ணன் தொழிலை நடத்தத் திணறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் தம்பியை நம்பித்தான் வந்துகொண்டிருந்தார்கள், பழைய ஊழியர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள், வங்கிக் கடன் கழுத்தைப் பிடிக்கிறது. இப்போது 'தன் வீட்டையே கவிழ்த்து வாங்கியதை இவரால் காப்பாற்ற முடியுமா?' என்ற புதுக் கேள்வி பிறக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல் யாரும் இருக்கையை விட்டு எழ மாட்டார்கள்.

ஒரே ஒரு கையெழுத்தில் மொத்தக் கம்பெனியும் கைமாறுவது போலக் காட்டுகிறார்களே, அது நடக்குமா?

கருத்துச் சொல்பவர்கள் 'லாஜிக் இல்லை' என்று அதிகம் குறிப்பிடும் இடம் இதுதான். அவர்கள் பக்கம் நிறையவே நியாயம் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தில் பங்குகளை வைத்திருப்பது வேறு, அதை நடத்தும் பதவியில் இருப்பது வேறு. போர்டு, அதாவது இயக்குநர் குழு, கூடி ஒருவரைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கலாம். ஆனால் அதனாலேயே அவருடைய பங்குகள் போய்விடாது. படத்தில் போர்டு கூட்டத்தில் வாக்கெடுத்ததும் கதாநாயகன் ஒரு பெட்டியோடு தெருவுக்கு வருகிறாரே, அவர் கையில் 40 சதவீதப் பங்கு இன்னும் இருந்தால் அவர் ஏழை ஆகவில்லை. பவர் பத்திரமும் அப்படித்தான். எழுதிக் கொடுத்தவர் பொதுவாக அதை ரத்து செய்ய முடியும். அவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் பத்திரம் செல்லாமல் போகும். அப்பா இறந்த பிறகு அவர் கொடுத்த பவரைக் காட்டிச் சொத்தை எழுதி வாங்கும் காட்சி வந்தால், சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் நெளிவார்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், நிஜத்தில் நடக்கும் வழிகள் இதைவிடப் பயங்கரமானவை, திரைக்கு இன்னும் பொருத்தமானவையும்கூட. ஒரு எடுத்துக்காட்டு. நிறுவனத்தில் மொத்தம் 100 பங்குகள். அண்ணனிடம் 40, தம்பியிடம் 30, தங்கையிடம் 30. தொழிலை விரிவாக்கப் பணம் வேண்டும் என்று சொல்லிப் புதிதாக 100 பங்குகள் வெளியிட்டு, அத்தனையையும் தம்பியே வாங்கிக்கொள்கிறார். அண்ணனிடமிருந்து ஒரு பங்கையும் யாரும் பறிக்கவில்லை. ஆனால் 40 சதவீதம் வைத்திருந்தவர் இப்போது 20 சதவீதக்காரர், தம்பி 65 சதவீதக்காரர். இதைத் தடுக்கத்தான் புதுப் பங்குகளை முதலில் பழைய பங்குதாரர்களுக்கே தர வேண்டும் என்ற விதியைப் பல நாட்டுச் சட்டங்கள் வைத்திருக்கின்றன. அந்த அறிவிப்புக் கடிதம் வீட்டுக்கு வந்தும், தம்பி மேலுள்ள நம்பிக்கையால் அண்ணன் பிரித்துப் பார்க்காமல் மேசையில் போட்டுவைத்தார் என்று ஒரு காட்சி வைத்தால் போதும், எனக்கு வயிறு கலங்கிவிடும்.

இன்னொரு வழி, கண்ணுக்கே தெரியாதது. மனைவியின் உறவினர் பெயரில் தனியாக ஒரு கம்பெனி தொடங்கி, குடும்ப நிறுவனத்துக்குத் தேவையான சரக்கை அதிலிருந்து கூடுதல் விலைக்கு வாங்குவது. லாபம் சொட்டுச் சொட்டாக வெளியே போகும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், பிறந்தநாள் கொண்டாடுவார்கள், கணக்கு மட்டும் தேய்ந்துகொண்டே வரும். வருடக் கணக்கில் நடக்கும் இந்தத் துரோகத்துக்கு ஒற்றைக் கையெழுத்துக் காட்சி ஈடாகாது.

தொழில் சம்பந்தப்பட்ட காட்சிகள் வந்தால் புரியவில்லை, போரடிக்கிறது என்கிறார்களே. அதைக் குறைத்துவிடலாம் அல்லவா?

குறைத்தால் படம் இன்னும் பலவீனமாகும். பல படங்களில் அந்தக் குடும்பம் என்ன தொழில் செய்கிறது என்பதே கடைசி வரை தெரிவதில்லை. கண்ணாடிக் கட்டடம், கோட்டு சூட்டு, 'டீல் முடிந்தது' என்று ஒரு கைகுலுக்கல். எதைப் பறித்தார்கள் என்பது தெரியாதபோது பறிகொடுத்தவரின் வேதனை நமக்கு எப்படி வரும்?

புரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காட்சிகளின் அளவு இல்லை, அவை சொல்லப்படும் விதம்தான். மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சதவீதங்களை ஒப்பித்தால் யாருக்கும் ஏறாது. தந்தை முதன்முதலில் ஓட்டிய இயந்திரத்தை மகன் பழைய இரும்புக்குப் போடுகிறான் என்றால் ஒரு வசனமும் தேவையில்லை.

துரோகத்தை நமக்கு முன்பே காட்டிவிடுவது நல்லதா, கடைசியில் ட்விஸ்டாக வைப்பது நல்லதா?

பார்வையாளர்கள் இதில் இரண்டு கட்சி. ட்விஸ்டை விரும்புகிறவர்கள் 'கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை' என்று மகிழ்வார்கள். நான் மறு கட்சி.

திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் ஒரு விளக்கம் தருகிறார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் ரசிகருக்குக் கிடைப்பது 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது ரசிகருக்கு மட்டும் முன்பே தெரிந்தால், மேசையில் நடக்கும் சாதாரணப் பேச்சே 15 நிமிடப் பதற்றமாகிவிடும். குடும்பக் கதைக்கு இது அப்படியே பொருந்தும். அண்ணன் ஏற்கெனவே பத்திரத்தை மாற்றிவிட்டார் என்பது நமக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியாது. அவள் அண்ணனுக்குப் பிடித்ததைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறாள். அந்தச் சாப்பாட்டுக் காட்சியை எந்த ட்விஸ்டாலும் ஈடுகட்ட முடியாது.

ட்விஸ்டை நம்பிய படங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காகத் துரோகம் செய்பவரின் மனதை நம்மிடமிருந்து மறைத்தே வைக்க வேண்டியிருக்கும். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு ஃப்ளாஷ்பேக்கில் சொல்லி முடிப்பார்கள். அதற்குள் அவரைப் புரிந்துகொள்ளும் நேரம் கடந்துபோயிருக்கும்.

கதை முழுவதும் தெரிந்துவிட்டது. இனிமேல் போய்ப் பார்ப்பதில் பயன் உண்டா?

உண்டு. லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர்கள் 2011-ல் செய்த ஆய்வில், முடிவு முன்பே தெரிந்த சிறுகதைகளை வாசகர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தார்கள். பிறகு வந்த வேறு ஆய்வுகளில் இதற்கு மாறான முடிவும் கிடைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படங்களில் நடிப்புதான் முக்கால்வாசி. அதைக் கதைச்சுருக்கத்தில் யாரும் கெடுத்துவிட முடியாது.

இவ்வளவு செய்தவரைக் கடைசியில் கட்டிப்பிடித்து மன்னித்துவிடுகிறார்களே, அது சரியா?

சரியான முடிவு எது என்ற சண்டை நூற்றாண்டுகளாக நடக்கிறது. மகள்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நடுத்தெருவுக்கு வரும் அரசனின் கதையான ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' 1606-ல் அரண்மனையில் நடிக்கப்பட்டது. அதில் உண்மையாக அன்பு வைத்த கடைசி மகள் இறந்துபோகிறாள். 1681-ல் நேஹம் டேட் என்பவர் அந்த முடிவை மாற்றி, மகள் பிழைத்து, அரசனுக்கு நாடு திரும்பக் கிடைப்பதாக எழுதினார். இங்கிலாந்து மேடைகளில் ஏறக்குறைய 150 ஆண்டுகள் இந்த மாற்றிய முடிவுதான் ஆட்சி செய்தது. ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்த சாமுவேல் ஜான்சனே, அந்த மகளின் மரணம் தன்னை மிகவும் உலுக்கிவிட்டதால், பதிப்பு வேலைக்காகப் படிக்க வேண்டி வரும்வரை கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் துணியவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆக, 'நல்லபடியாக முடிந்தால் என்ன?' என்று கேட்கும் ரசிகரை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஆனால் மன்னிப்பில் இரண்டு விதம் உண்டு. பறித்ததைத் திருப்பிக் கொடுத்து, செய்ததை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்ட பிறகு வரும் மன்னிப்பு ஒன்று. ஒருவர் மருத்துவமனையில் படுத்ததும், கணக்கு எதுவும் தீராமல், இசை உயர்ந்து எல்லோரும் அழுவது இன்னொன்று. இரண்டாவது வகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் மனசு ஆறவில்லை' என்பார்கள். அந்தச் சொல்லை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏமாற்றப்பட்டவரிடமே போய்ப் 'பெரிய மனசு பண்ணு' என்று கேட்பது அவரை இரண்டாம் முறை ஏமாற்றுவது.

படம் முழுக்கச் சுமார், க்ளைமாக்ஸ் மட்டும் பிரமாதம். ஆனாலும் எல்லோரும் ஏன் 'நல்ல படம்' என்கிறார்கள்?

நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் சேர்ந்தவர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, ஓர் அனுபவத்தை நாம் பின்னால் மதிப்பிடும்போது அதன் உச்சத்தையும் முடிவையும்தான் அதிகம் கணக்கில் எடுக்கிறோம், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்று காட்டியது. படம் பார்த்த மறுநாளும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மதிப்பீடு கொஞ்சம் மாறும்.

எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு வந்த மருமகள்தான் காரணம் என்று காட்டுகிறார்களே?

இந்தக் குறையை இப்போது பலரும் வெளிப்படையாகச் சொல்வது எனக்கு மகிழ்ச்சி. அண்ணன் தம்பிக்குள் பேராசை இருந்தது, பொறாமை இருந்தது, அப்பா பாகுபாடு காட்டினார். இவை எல்லாவற்றையும் ஒரு பெண் காதில் ஓதியதாகச் சுருக்கிவிட்டால், ஆண்கள் மூவரும் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அநியாயம் என்பதோடு, இது சோம்பேறித்தனமான எழுத்தும்கூட. அந்த மருமகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து கேள்வி கேட்கிறவளாக இருந்தால் கதை எவ்வளவு தூரம் போகும்! கணக்குக் கேட்பவரையே குடும்பம் துரோகி என்று முத்திரை குத்துகிற கதையை நான் இன்னும் நிறைய எதிர்பார்க்கிறேன்.

அப்பா பாத்திரம் எப்போதும் தெய்வமாகவே இருக்கிறதே?

பார்ப்பவர்கள் அவரைத் தெய்வமாகப் பார்ப்பது குறைந்துவருகிறது, படங்கள்தான் பின்தங்கி நிற்கின்றன. பங்கு பிரிக்காமல், யார் அடுத்து என்று வாய் திறக்காமல், பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் போட்டியிட விட்டு வைத்தவர் பல கதைகளில் அவர்தான். லியரில் பிரச்சினை தொடங்குவதே தந்தை 'யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள்?' என்று போட்டி வைக்கும் இடத்தில்தானே. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா அதே லியர் கதையைத் தழுவி 1985-ல் 'ரான்' படத்தை எடுத்தபோது மகள்களை மகன்களாக்கியதோடு, அந்தத் தந்தை வாழ்நாள் முழுக்கச் செய்த கொடுமைகளையும் கதைக்குள் கொண்டுவந்தார். அதனால் அங்கே பிள்ளைகளின் துரோகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

'சீரியல் மாதிரி இருக்கிறது' என்பது குறையா?

கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது, ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று முறை கேமரா போவது போன்றவற்றைச் சொன்னால் குறைதான். குடும்பத்தைப் பற்றியது என்ற ஒரே காரணத்துக்காகச் சொன்னால் அது படத்துக்குச் செய்யும் அநீதி.

ரேட்டிங் எண்களை நம்பிப் போகலாமா?

எந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் போகலாம். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களுக்கான சதவீதம், எத்தனை பேர் சாதகமாக எழுதினார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. 60 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தேறியதாகக் கணக்கு. எல்லோருமே 'பரவாயில்லை' என்று எழுதினாலும் எண் மிக உயரத்தில் நிற்கும். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி 1 முதல் 10 வரை தரும் மதிப்பெண் வெறும் சராசரி கிடையாது, வாக்குகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்துக் கணக்கிடப்படுவது. சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டு, ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் போடுகிறது. முதல் நாளே வருகிறவர்கள் ஏற்கெனவே ஆசையோடு வந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ரசிகர்களைப் பிளக்கும் குடும்பப் படங்களுக்குச் சராசரி எண் ரொம்பவே துரோகம் செய்யும். பாதிப் பேர் 9, பாதிப் பேர் 3 போட்டால் சராசரி 6. அந்த 6-ஐக் கொடுத்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். வாக்குகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற பட்டை வரைபடம் இருந்தால் அதைப் பாருங்கள்.

எங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு பிரிவு நடந்திருக்கிறது. இந்தப் படங்களைப் பார்க்கலாமா?

காயம் புதிதாக இருந்தால் தள்ளிப் போடுங்கள், படம் எங்கும் போய்விடாது. பார்ப்பதாக இருந்தால் முடிவை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அந்தப் பிரிவில் சம்பந்தப்பட்டவர்களோடு சேர்ந்து பார்ப்பதை முதல் முறை தவிர்ப்பது நல்லது. 'பார்த்தாயா, அப்படியே உன்னைப் போல' என்று யாராவது ஒரு வார்த்தை விட்டால், ஆறிக்கொண்டிருந்தது மறுபடி திறந்துவிடும். தனியாகவோ, நடந்தது தெரிந்த ஒரு நண்பரோடோ பார்த்தவர்கள், 'எனக்கு நடந்ததை ஒருவர் புரிந்துகொண்டு எடுத்திருக்கிறார்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஆறுதலைச் சின்னதாக நினைக்கவில்லை.

நானும் கருத்து எழுத விரும்புகிறேன். 'நன்றாக இருந்தது' என்பதைத் தாண்டி என்ன எழுதலாம்?

எந்த இடத்தில் உங்கள் அனுதாபம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்ந்தது என்று எழுதுங்கள். நகரவே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். துரோகம் செய்தவரின் காரணம் உங்களுக்குப் புரிந்ததா என்பது அடுத்தது; ஏற்றுக்கொண்டீர்களா என்பது வேறு கேள்வி, இரண்டையும் பிரித்து எழுதினால் படிப்பவருக்குப் பெரிய உதவி. தொழில் பற்றிய தகவலில் பிழை கண்டால், பிழை எது, நிஜத்தில் எப்படி நடக்கும் என்று ஒரு வரி சேருங்கள். முடிவை வெளியே சொல்வதாக இருந்தால் தலைப்பிலேயே எச்சரித்துவிடுங்கள்.